அடைபட்ட காற்றின் கணக்கு



வாயுக்களின் அமுக்கம், கனவளவு, வெப்பநிலை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புற்றிருக்கின்றன என்பதே இன்றைய பேச்சுக்குரிய பொருள். இதனைப் பேசுதற்கு விஞ்ஞானப் பட்டதாரி ஒருவரையே அழைத்திருத்தல் வேண்டும். நானோ கலைப் பட்டதாரி. தமிழும் வரலாறும் பயின்றவன். மன்னார்க் கரையோரத்திலே ஓர் அரசினர் பாடசாலையின் அதிபராயிருப்பவன். ஆயினும் எங்கள் விஞ்ஞான ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றபின், அவர் இடத்துக்கு ஒருவரும் வாராத நிலையில், ஈராண்டு காலம் மேல்வகுப்புகளுக்கு அப்பாடத்தை நானே கற்பித்தேன். கற்பித்தேன் என்பதிலும், இரவில் விளக்கடியில் நான் படித்ததைக் காலையில் பிள்ளைகளிடம் ஒப்புவித்தேன் என்பதே பொருந்தும்.

அவ்வாறு ஒப்புவித்த பாடங்களுள் ஒன்று போயிலின் விதி. வெப்பநிலை மாறாதிருக்கும்போது, குறித்த அளவு வாயுவின் கனவளவு அதன் அமுக்கத்துக்கு நேர்மாறு விகிதசமனானது என்று கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகளும் எழுதினார்கள். பின்வாங்கிலிருந்த ஒரு மாணாக்கன் எழுந்து, "சேர், இது எதுக்கு உதவும்?" என்று கேட்டான். நான் சற்றும் தயங்காமல், "சோதனைக்கு உதவும்" என்றேன். வகுப்புச் சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டான்.

அந்த மாணாக்கன் சோதனையில் தேறவில்லை. தந்தையும் பாட்டனும் செய்த தொழிலுக்கே போனான். சங்கும் கடலட்டையும் எடுக்கும் சுழியோடியானான். பாட்டன் வெறும் மூச்சோடு குளித்தவர். பேரனோ முதுகிலே சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குபவன். இந்தச் சிலிண்டரை எங்கள் ஊரிலே பலரும் ஒட்சிசன் சிலிண்டர் என்று சொல்லுவார்கள். அது பிழை. அதனுள் இருப்பது நாம் எல்லோரும் சுவாசிக்கும் சாதாரண வளியே. இயந்திரத்தால் நெருக்கி அடைக்கப்பட்ட வளி.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒருநாள் மாலை அவன் என் வீட்டுக்கு வந்தான். முகத்திலே கோபம். "சேர், காத்தைக் களவெடுக்கிறாங்கள்" என்றான். சிலிண்டருக்குக் காற்று அடைக்கும் இடத்தில் அளவுமானி 200 பார் என்று காட்டுகின்றதாம். பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அமுக்கம். படகில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோய் இறக்கிப் பார்த்தால் 186 அளவிலேயே நிற்கின்றதாம். கசிவு ஏதும் இல்லை. நீரில் அமிழ்த்திப் பார்த்தும் ஒரு குமிழ்கூட வரவில்லை. ஆகவே அடைப்பவன் அளவுமானியிலே ஏதோ சூது செய்கின்றான் என்பது அவனுடைய முடிவு. காசு கொடுத்து வாங்கிய காற்றல்லவா! சண்டைக்குப் போவதற்கு முன் என்னிடம் ஒரு சொல் கேட்க வந்திருந்தான்.

எனக்கு அந்த இரவு விளக்கடிப் பாடம் நினைவுக்கு வந்தது. "அடைத்து முடிந்தவுடன் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டேன். "சுடும், சேர்" என்றான். களவு பிடிபட்டுவிட்டது. கள்வன் மனிதனல்லன், வெப்பநிலையே.

நெருக்கி அடைக்கும்போது வளி சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடி சுடுவதை நாம் அனைவரும் தொட்டறிந்திருக்கின்றோம். சிலிண்டர் 50 பாகை செல்சியசு வரை சூடேறியிருந்த வேளையில் 200 பார் காட்டியது என்று வைத்துக்கொள்வோம். எங்கள் கடலின் நீர் ஏறக்குறைய 28 பாகை. சிலிண்டர் அந்த அளவுக்குக் குளிரும்போது, உள்ளிருக்கும் வளியின் ஓர் அணுவும் வெளியே போகாமலே அமுக்கம் குறைந்துவிடும். எவ்வளவு குறையும் என்பதைக் கணக்கிடுவதற்கு ஒரு நுட்பம் தேவை. 50, 28 என்ற எண்களை அப்படியே வைத்து விகிதம் பார்த்தால் விடை பிழைக்கும். ஒவ்வொன்றோடும் 273 ஐக் கூட்டுதல் வேண்டும். 50 என்பது 323 ஆகும். 28 என்பது 301 ஆகும். 200 ஐ 301 ஆற் பெருக்கி 323 ஆற் பிரித்தால் வருவது 186. அவன் அளவுமானியிற் கண்டதும் 186.

தாளிலே அந்த எண் வந்து விழுந்தபோது அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். ஈராண்டு கற்பித்தும் என் வகுப்பிலே ஒரு பிள்ளையின் முகத்திலும் அதைக் கண்டதில்லை.

அந்த 273 எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகின்றேன். கியோம் அமொந்தோன் என்றொரு பிரெஞ்சுக்காரர் இருந்தார். இளமையிலேயே செவிப்புலனை இழந்தவர். 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, அடைபட்ட வளியைச் சூடாக்கினால் அதன் அமுக்கம் ஒழுங்கான வீதத்தில் ஏறுகின்றது என்பதை அவர் கண்டார். அப்படியாயின் குளிர்விக்கக் குளிர்விக்க அமுக்கம் இறங்கிக்கொண்டே போய், ஏதோ ஓரிடத்தில் இல்லாமலே போகவேண்டுமே என்ற எண்ணமும் அவர் எழுத்திலே தோன்றுகின்றது. நூறாண்டு கழித்து, 1802 இலே, கேலுசாக் என்பவர் பல வாயுக்களைச் சோதித்து, வாயு எதுவாயினும் பாகை ஒன்றுக்கு அது விரியும் பங்கு ஒன்றே என்று காட்டினார். பூச்சியப் பாகையிலுள்ள கனவளவின் 266 இல் ஒரு பங்கு என்பது அவர் கண்ட அளவு. பின்வந்தோர் அதைத் திருத்தி 273 இல் ஒரு பங்கு என்றனர். எனவே பூச்சியத்துக்குக் கீழே 273 பாகை இறங்கினால் கணக்கின்படி எதுவும் எஞ்சாது. அந்த அடித்தளத்திலிருந்து எண்ணத் தொடங்கினால்தான் விகிதம் சரியாக வரும். 1848 இலே கெல்வின் பிரபு அத்தகைய அளவுமுறையை வகுத்தார். மெய்யான வாயுக்கள் அவ்வளவு குளிரை எட்டுமுன்னரே திரவமாகிவிடும் என்பது வேறு கதை.

கணக்குத் தீர்ந்தது, தேநீரும் வந்தது. எழுந்து போகும் வேளையிலே பேச்சுவாக்கில், "காற்று முடிந்துபோனால் என்ன செய்வாய், தம்பி?" என்று கேட்டேன். "கடைசி மூச்சை நெஞ்சு நிறைய இழுத்து, இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு ஒரேயடியா மேலே வந்திடுவன், சேர். அப்பு சொல்லித்தந்தது அதுதான். மேலே வருமட்டும் மூச்சை விடாதே எண்டு" என்றான்.

நேயர்களே, எனக்கு நெஞ்சு சில்லிட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் எங்கள் பகுதியில் ஓர் இளைஞன் கடலிலிருந்து எழுந்த சிறிது நேரத்தில் இரு கால்களும் உணர்விழந்து படுக்கையில் விழுந்தான். பாரிசவாதம் என்றார்கள் சிலர். செய்வினை என்றார்கள் வேறு சிலர். நான் கரும்பலகையில் எழுதிய அந்த ஒற்றை வரி அவர்களுடைய உடம்புக்குள்ளே நிகழ்கின்றது என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

போயிலின் விதியை நாம் ஆறுதலாகப் பார்ப்போம். ரொபேட் போயில் அயர்லாந்திலே 1627 இற் பிறந்தவர். பெருஞ்செல்வரான ஒரு பிரபுவின் பதினான்காவது பிள்ளை. ரொபேட் ஊக் என்ற கைவல்ல உதவியாளர் செய்துகொடுத்த வெற்றிடப் பம்பைக் கொண்டு பல சோதனைகள் நடத்தி, வளிக்குச் சுருள்வில்லைப் போன்ற ஒரு மீள்சத்தி உண்டு என்று 1660 இலே நூலொன்று வெளியிட்டார். லைனசு என்ற குருவானவர் அதை மறுத்தார். குழாயிலே பாதரசத்தைத் தாங்கி நிற்பது வளியின் அமுக்கமன்று. கண்ணுக்குத் தெரியாத ஒரு நூலே அதனை மேலிருந்து பிடித்திழுக்கின்றது என்பது அவருடைய கொள்கை. இன்று நமக்கு அது நகைப்பாயிருக்கலாம். ஆனால் திறந்த குழாயின் மேல்வாயை விரலால் மூடி அச்சோதனையைச் செய்தால், விரல் உள்ளே இழுக்கப்படுவதுபோலத்தான் தோன்றும். லைனசு தம் விரலை நம்பினார். வரலாறு படித்தவன் என்ற முறையில், தோற்றவர்களிடத்திலும் எனக்குச் சற்று இரக்கம் உண்டு.

அவருக்கு விடைகூறுவதற்காகவே போயில் அந்தப் புகழ்பெற்ற சோதனையைச் செய்தார். தூண்டிலைப்போல வளைந்த ஒரு கண்ணாடிக் குழாய். அதன் குட்டைக் கிளை மூடியது. நெட்டைக் கிளை திறந்தது. நெட்டைக் கிளை மிக உயரமானதாதலின் அறைக்குள் நிறுத்த இடமின்றி மாடிப்படியிலே நிறுத்தினார்கள். முதலிற் செய்த குழாய் உடைந்தும் போயிற்று. திறந்த வாயிற் பாதரசத்தை ஊற்ற ஊற்ற, மூடிய கிளைக்குள் அகப்பட்ட வளி ஒடுங்கிக்கொண்டே போனது. தொடக்கத்தில் அவ்வளி 48 பிரிவுகளை நிரப்பியிருந்தது. அப்போது அமுக்கம் 29 அங்குலமும் சிறிதும். அது 24 பிரிவாகச் சுருங்கியபோது அமுக்கம் ஏறத்தாழ 59 அங்குலம். 12 பிரிவாகியபோது ஏறத்தாழ 117½ அங்குலம். பாதியானால் இருமடங்கு, காலானால் நான்கு மடங்கு. கணக்கின்படி கடைசியில் வரவேண்டியது 116½ அங்குலம். ஓர் அங்குலம் வேறுபட்டதை மறைக்காமல், இரண்டு எண்களையும் பக்கத்திற் பக்கம் வைத்தே 1662 இல் அச்சிட்டார். ரிச்சட் ரவுன்லி என்பவரே இந்த விகிதத்தை முதலில் ஊகித்தார் என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். பிரான்சிலோ இதனை மரியொத் என்பவரின் பெயரால் வழங்குகின்றார்கள். விதிகளுக்குப் பெயரிடுவதும் ஓர் அரசியலே.

இது ஏன் நிகழ்கின்றது? தகரக் கூரையின்மேல் மழை பெய்வதை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு துளியும் அற்பம். எல்லாம் சேர்ந்தால் கூரையே அதிர்கின்றது. வாயுவின் மூலக்கூறுகள் அவ்வாறே கலத்தின் சுவரை ஓயாது மோதுகின்றன. அம்மோதலின் மொத்தமே அமுக்கம். இடத்தைப் பாதியாக்கினால் அதே மூலக்கூறுகள் இருமடங்கு நெருக்கமாகி, சுவரின் ஒவ்வோர் அங்குலத்தையும் இருமடங்கு மோதும். சூடாக்கினால் அவை விரைந்தோடி வன்மையாக மோதும். 1738 இலேயே தானியேல் பேர்னூயி என்பவர் இவ்விளக்கத்தை எழுதிவைத்தார். உலகம் அதை ஏற்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

இனிக் கடலுக்குள் இறங்குவோம். கடலிற் பத்து மீற்றர், எங்கள் மீனவர் கணக்கிலே ஏறத்தாழ ஐந்தரைப் பாகம், இறங்கினால் நீரின் பாரம் இன்னொரு வளிமண்டல அமுக்கத்தைக் கூட்டுகின்றது. மேலே ஒன்று, பத்து மீற்றரில் இரண்டு, இருபதில் மூன்று, முப்பதில் நான்கு. எங்கள் கடலில் மேலும் கீழும் வெப்பநிலை பெரிதும் வேறுபடுவதில்லையாதலால், போயிலின் விதி தன் நிபந்தனை தவறாமல் அங்கே ஆட்சி செய்கின்றது.

அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளிலே ஒருகாலத்தில் முத்துக்குளிப்பு நடைபெற்றதை அறிவீர்கள். காலிலே கல்லைக் கட்டி இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் சிப்பிகளை வாரிக்கொண்டு எழுவார்கள். சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று மந்திரம் சொல்லும் கடல்கட்டிகளும் கரையில் இருந்தார்கள். குளிப்பவர்கள் அவர்களில்லாமல் கடலில் இறங்க மறுத்தார்களாம். அந்தக் குளிப்பு 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியோடு மங்கிப்போயிற்று. ஆனால் அந்தத் தலைமுறையின் மூச்சுக் கலை சங்கு குளித்தவர்களிடத்தில் வாழ்ந்தது. அக்கலையின் முதல் விதி, மேலே வருமட்டும் மூச்சை விடாதே என்பதுதான்.

அந்த விதி அவர்களுக்குச் சரி. எப்படியென்றால், நெஞ்சு நிறைய ஆறு லீற்றர் வளியை மேலே இழுத்துக்கொண்டு இறங்குபவனுக்குப் பத்து மீற்றரில் அது மூன்று லீற்றராக ஒடுங்குகின்றது. இருபதில் இரண்டு லீற்றராகின்றது. எழும்போது இரண்டு மூன்றாகி, மூன்று ஆறாகி, மேலே வந்ததும் பழைய ஆறு லீற்றராகவே நிற்கின்றது. கொண்டுபோனதற்கு மேல் ஓர் இம்மியும் பெருகாது. நெஞ்சு அதைத் தாங்கும்.

சிலிண்டரோடு இறங்குபவனின் நிலை வேறு. வாயிலே பொருத்திய கருவி, அவன் எந்த ஆழத்தில் இருக்கின்றானோ அந்த ஆழத்தின் அமுக்கத்துக்குச் சமமாகவே அவனுக்கு வளியைக் கொடுக்கின்றது. அவ்வாறு கொடுக்காவிட்டால் நீரின் பாரத்தை எதிர்த்து அவன் நெஞ்சை விரிக்கவே முடியாது. ஆகவே பத்து மீற்றரிலே அவன் நெஞ்சு நிறைய இழுப்பது சுருங்கிய மூன்று லீற்றரன்று. முழு ஆறு லீற்றர், இரு வளிமண்டல அமுக்கத்தில். அதைப் பூட்டிக்கொண்டு மேலே வந்தால் அது பன்னிரண்டு லீற்றராக விரிய முயலும். இருபது மீற்றரிலிருந்து வந்தால் பதினெட்டு. மனித நெஞ்சிலே அதற்கு இடம் ஏது? நுரையீரல் கிழிந்து, வளிக்குமிழ் குருதியோடு கலந்து, மூளைக்கே செல்லக்கூடும். ஆழ்கடல்தான் வேண்டுமென்பதில்லை, ஒன்றரை மீற்றர் ஆழத்திலிருந்து, நிறைந்த நெஞ்சோடு மூச்சையடக்கி எழுந்தாலும் இக்கேடு நேரலாம். பாட்டனை உயிரோடு கரைசேர்த்த அதே விதி பேரனைக் கொன்றுவிடும்.

1783 இலே பாரிசிலும் இதே நாடகம் நடந்தது, கடலிலன்று, வானத்திலே. ஐதரசன் நிரப்பிய முதற் கூண்டை சாள்ஸ் என்னும் அறிஞர் அவ்வாண்டு ஓகத்து 27 ஆந் திகதி ஆளில்லாமற் பறக்கவிட்டார். அதன் வாயை இறுக மூடிவிட்டிருந்தார்கள். மேலே போகப் போக வெளியமுக்கம் குறைந்தது. உள்ளிருந்த வாயு விரிந்தது. கூண்டு கிழிந்து கொனெஸ் என்ற ஊரிலே வீழ்ந்தது. பேயென்று அஞ்சிய கிராமத்தார் அதைக் கவைக்கோல்களால் குத்திக் கிழித்தார்கள். டிசம்பர் முதலாந் திகதி சாள்ஸ் தாமே ஏறிப் பறந்தபோது, கூண்டின் அடியிலே ஒரு வாயைத் திறந்தே வைத்திருந்தார். விரிந்த வாயு அதன்வழியே வெளியேறியது, கூண்டு தப்பியது. அன்று இரண்டாம் முறை தனியே ஏறியவர் மிக விரைவாக மூவாயிரம் மீற்றர் அளவுக்கு உயர்ந்துவிட்டார். செவியிலே கொடிய வலி. பிறகு அவர் வாழ்நாளில் பறக்கவேயில்லை. அந்தச் செவிவலியை எங்கள் சுழியோடிகள் நன்கறிவார்கள். வெப்பநிலைக்கும் கனவளவுக்கும் உள்ள தொடர்பைச் சில ஆண்டுகளின் பின் ஆராய்ந்தவரும் இவரே. ஆயினும் அதை அச்சிடாமல் விட்டுவிட்டார். பின்னர் கேலுசாக் தாம் எழுதியபோது அவருடைய பெயரையும் குறிப்பிட்டார். அதனாலேயே சாள்சின் விதி என்று இன்று வழங்குகின்றோம்.

சிலிண்டரோடு எழும் சுழியோடியும் அந்தத் திறந்த வாய்க் கூண்டைப் போலவே இருத்தல் வேண்டும். தொண்டை திறந்திருக்க வேண்டும். மூச்சு வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி, படுக்கையில் விழுந்த அந்த இளைஞனைப் பற்றியும் சொல்லவேண்டும். அவனை நோய்ப்படுத்தியது நைதரசனே என்று மருத்துவர் கூறினார். வளியில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன். அமுக்கம் கூடக்கூட அது குருதியிலும் தசையிலும் கூடுதலாகக் கரைகின்றது. மெல்ல எழுந்தால் மெல்ல வெளியேறும். விரைந்து எழுந்தால், சோடாப் போத்தலின் மூடியைத் திறந்தாற்போலக் குமிழாகப் பொங்கி நரம்புகளை வருத்தும். 1670 இல் நமது போயிலே ஒரு விரியன் பாம்பை வெற்றிடப் பம்பின் கலத்துள் வைத்து வளியை அகற்றியபோது, அதன் கண்ணிலே ஒரு குமிழ் அசைவதைக் கண்டு எழுதிவைத்தார். அதன் பொருள் விளங்க இருநூறாண்டு சென்றது. 1878 இலே போல் பேர் என்ற பிரெஞ்சு அறிஞர் நைதரசனே காரணமென நிறுவினார். 1908 இலே ஹோல்டேன் என்பவர் ஆடுகளை வைத்துச் சோதனை செய்து, படிப்படியாக நின்று நின்று எழும் அட்டவணைகளை வகுத்தார். நிமிடத்துக்குப் பத்து மீற்றருக்கு மேல் விரையாமல் எழுந்து, ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் தங்கி வருவது இக்காலப் பயிற்சியிற் சொல்லிக்கொடுக்கும் முறை. ஆழமும் நேரமும் கூடினால் தங்கலும் கூடும்.

நோயுற்றவன் மறுபடி கடலுக்குள் இறங்கினால் வலி தணிகின்றது என்று எங்கள் பகுதியிலே ஒரு நம்பிக்கை உண்டு. தணிவது மெய்யே, குமிழ் சுருங்குகின்றது அல்லவா? ஆனால் எழும்போது அது மீண்டும் பெருக்கும். நோய் முன்னையிலும் கொடிதாகும். அதற்குரிய இடம் கடலன்று. வைத்தியசாலையின் அமுக்க அறை.

இவ்வளவையும் அன்று மாலை அவனுக்குச் சொன்னேன். சொற்களால் மட்டும் சொன்னால் போதாது என்பது ஆசிரியத் தொழில் எனக்குக் கற்பித்த பாடம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய வாடிக்குப் போனேன். திருவிழாவில் விற்கும் பலூன்கள் சிலவற்றை வாங்கிச் சென்றேன். படகிலே பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள். அவனுடைய பாட்டனாரும் துடுப்பைப் பிடித்தபடி இருந்தார். அவருடைய தந்தையார் முத்துக்குளிப்புக்குப் போனவராம். அவன் ஐந்தரைப் பாகம் இறங்கி, சிலிண்டரின் வளியாலே ஒரு பலூனை நிறைய ஊதிக் கட்டி மேலே விட்டான். நாங்கள் நீரை உற்றுப் பார்த்திருந்தோம். வெண்மையாக ஏதோ ஒன்று பெருத்துக்கொண்டே வந்தது. நீர்மட்டத்தை அணுகும் முன்னரே குபீரெனக் குமிழ்கள் எழுந்தன. கிழிந்த றப்பர்த் துண்டு மட்டும் மிதந்தது. இரண்டாவதை அரைவாசியே ஊதி விட்டான். அது முழுப் பலூனாக வந்து மிதந்தது. மூன்றாவதாக ஒரு பிளாத்திக்குப் போத்தலைக் கவிழ்த்துப் பிடித்து, அங்கேயே வளி நிரப்பி, மூடாமல் மெல்லக் கொண்டுவந்தான். வழிநெடுக அதன் வாயிலிருந்து குமிழ்கள் சிந்திக்கொண்டே வந்தன. அவனும் அவ்வாறே மூச்சை விட்டுக்கொண்டு, ஆறுதலாக எழுந்து படகின் விளிம்பைப் பிடித்தான்.

ஒருவரும் பேசவில்லை. கிழிந்த றப்பரை ஓர் இளைஞன் எடுத்துக் கையிலே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டனார்தாம் வாய்திறந்தார்.

"எங்கட காலத்தில மூச்சை விட்டவன்தான் செத்தவன்" என்றார், சற்றுக் கோபமாகவே.

பேரன் முகத்து நீரை வழித்துவிட்டுச் சொன்னான்: "ஓம் அப்பு. அது நீங்கள் மேலே இருந்து கொண்டுபோன காத்து. இது நான் கீழே வாங்கின காத்து."